தரையில் உட்கார்ந்து வாசித்தவர்

கைபேசியில் சின்னசாமியின் பெயரைப் பார்த்ததும் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஜவ்வாது மலையிலிருந்து அவர் கூப்பிட்டாலே கடந்த ஓராண்டாக ஏதாவது ஒரு வழக்கு இருக்கும். போளூரில் நான் நடத்தும் அச்சகத்தில் பேராசிரியர் கமாலுதீனின் புத்தகம் அச்சேறக் காத்திருந்தது. அதில் சின்னசாமியின் குடும்பத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. மறுபடியும் தகராறுதான் என்று நினைத்து, பதில் பேசத் தயாராகி எடுத்தேன்.

"அம்மா, சார் போய்ட்டாரும்மா" என்றார்.

"எந்தச் சார்?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு சார்தான். ஆனாலும் கேட்டேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் கமால் சார் டீக்கடைக்கு வராததால் ஜமுனாமரத்தூரில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் வரலாறு படித்தவர்கள். வகுப்பில் அவர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பார்வை உங்களுக்கு மறந்திருக்காது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்ற பகுதியில் வெள்ளைக்காரர்கள் குடியேறி, ஜூலு மக்களின் நிலத்தைப் பிடித்துக் கரும்பு போட்டார்கள். அந்தக் கரும்பை வெட்ட நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே இந்த மூன்று கூட்டமும் ஒன்றோடொன்று எப்படி வாழ்ந்தது, எப்படி வெறுத்தது, யார் யாரை மிதித்தது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நம் ஆட்கள் பட்ட பாட்டை எழுதினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அவரும் அதை எழுதினார், ஆனால் அதோடு நிறுத்தவில்லை.

"வெள்ளைக்காரன் கெட்டவன்னு சொல்ல நான் எதுக்கு அச்சகத்தம்மா? அதை யார் வேணா சொல்லலாம். நம்மாள் அங்க இன்னா பண்ணான்? அதைச் சொல்லத்தான் ஆள் இல்ல" என்பார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. முதல் நாளிலிருந்தே அச்சகத்தம்மாதான்.

அந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு துணிப்பையில் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். படித்துவிட்டு, "இது யார் குடும்பம் சார், இப்படிக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறீர்கள்?" என்றேன். "என் குடும்பம்தான்" என்றார். அவருடைய தாத்தாவின் அண்ணன் வாணியம்பாடியிலிருந்து நேட்டாலுக்குப் போய்க் கடை வைத்தவர். கூலிகளாக வந்த தமிழர்களோடு தன்னையும் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே தன்னை அரபு வியாபாரி என்று சொல்லிக்கொண்டவர். அப்படிச் சொன்னால் வெள்ளைக்காரன் ஒரு படி மேலே வைப்பான். கரும்புத் தோட்டத்துத் தமிழர்கள் கடைக்கு வந்தால் பின்வாசலில்தான் சாமான் கொடுப்பாராம். ஜூலுக்காரர்கள் அந்தப் பின்வாசலுக்கும் வரக் கூடாதாம். அந்தக் கடையை வீட்டின் பெருமையாகச் சொல்லி வளர்த்த குடும்பம் அது.

"முதல்ல என் வூட்டுக் குப்பைய வாசல்ல கொட்டிடறேன். அப்புறம்தான் அடுத்தவன் வூட்டுக்குப் போக எனக்கு வாய் இருக்கும்" என்றார்.

கொட்டியதோடு நிற்கவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் வாணியம்பாடிக்குப் போய்த் தன் அண்ணன் எதிரில் அதை வாசித்தார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ, அவர்கள் காதில் விழாமல் ஒரு வரியும் அச்சேறக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அண்ணன் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு தம்பியோடு பேசவில்லை. தோல் பதனிடும் ஷாப்பு வாடை ஒத்துக்கொள்ளாமல் மலைக்குக் குடிவந்ததாகக் கமால் சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். எனக்குத் தெரிந்து அண்ணன் முகத்தைத் தினமும் பார்க்க முடியாமல்தான் வந்தார்.

ஜமுனாமரத்தூருக்கு வந்த இடத்தில்தான் சின்னசாமி பழக்கமானார். மலைமேல் ஓர் ஊரில் சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். மலையை விட்டு இறங்காத சனம் என்று பெயரெடுத்த ஊரிலிருந்து, அந்தக் குடும்பத்து வேடியப்பன் மட்டும் ஒரு பஞ்ச காலத்தில் படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனார். அங்கிருந்து ஆள் பிடிப்பவர்கள் கையில் சிக்கி, சென்னைக்கும் பிறகு நேட்டாலுக்கும் போய்ச் சேர்ந்தார். பல வருஷம் கழித்துத் திரும்பியும் வந்தார். சின்னசாமிக்கு அவர் தாத்தாவின் அப்பா, அந்தப் பக்கத்துப் பேச்சில் பூட்டன். அவர் வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு நேட்டால் வூடு என்றே பெயர்.

சின்னசாமி பூட்டன் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், நானும் கேட்டிருக்கிறேன். "எங்க பூட்டன் அங்க கூலி இல்லீங்க, கங்காணி. கையில சாட்டை வச்சிக்கினு நிப்பாராம். தொரையே அவர்கிட்ட யோசிச்சிதான் பேசுவானாம். ஊர் நெனப்பு வந்து, மடியில முடிஞ்சிக்கினு போன புளியங்கொட்டைய அங்க நட்டாராம். மரம் இன்னும் கீதாம்." கமால் சார் அதை ரசித்துக் கேட்டார். முடிந்ததும் மெல்லக் கேட்டார்: "அந்தச் சாட்டை யார் முதுகுல விழுந்தது சின்னசாமி?"

சின்னசாமி சிரித்துவிட்டார். அப்படி ஒரு கேள்வி அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கமால் சார் சிரிக்கவில்லை. "சாட்டை யார் கையில இருந்ததுன்றது பாதிக் கதை. யார் முதுகுலன்றது மீதி" என்று அன்று என்னிடம் சொன்னார். அந்த மீதியைத் தேடி, முட்டி வலியோடு நேட்டாலுக்கு விமானம் ஏறினார்.

திரும்பி வந்ததும் நேரே அச்சகத்துக்குத்தான் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். மரம் இருந்தது. அதைக் காட்டியவர் சிபோ என்ற ஜூலு முதியவர். பக்கத்தில்தான் அவர் வீடு. அவர்கள் அதை வேடியின் மரம் என்கிறார்கள். சிபோவின் தாத்தா, தன் அப்பன் காலம்வரை தங்களுடையதாக இருந்த நிலத்தில் மாடு மேய்க்கப் போயிருக்கிறார். அது அப்போது கரும்புத் தோட்டம். துரை அவரைப் பிடித்து அந்தப் புளியமரத்தில் கட்டச் சொன்னான். அடித்தது வேடி. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை இது.

"பேரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள் சார். பாவம், சின்னசாமி" என்றேன். "மாத்தலாம். ஆனா அதை அவங்க சொல்லணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அறுபது வருஷமாக ஒரு மனிதன் தலை நிமிர்த்திச் சொன்ன கதையைப் பிடுங்குவதற்கு, அவன் வாசலுக்கே போவானேன்? நான் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மலைக்கு எப்போது வருகிறீர்கள் என்றார்.

விஷயம் எப்படியோ எங்களுக்கு முன்னாலேயே மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சின்னசாமி எனக்குக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, எங்க பூட்டனப் பத்தி சார் இன்னாமோ எழுதிக்கிறாராமே? என் தம்பி வெங்கடேசன் குதிக்கிறான். சாரை இப்போ வர வேணாம்னு சொல்லுங்க. நான் பக்கத்துல இருந்தும் ஒண்ணு நடந்துட்டா தாங்க மாட்டேன்." அதையும் சாரிடம் சொன்னேன். புளி உலுக்கும் காலம், ஊரில் எல்லோரும் இருப்பார்கள், அதுதான் நல்லது என்றார்.

பேருந்தில் போகும்போது அந்த ஊர் வழக்கத்தை எனக்கு விளக்கினார். அடுத்த வீட்டுக்கு நோகிற சேதியைச் சொல்ல வருகிறவன் தரையில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு சொன்னால் சண்டைக்கு வந்தவன் என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் தானாக எழுந்திருக்கக் கூடாது. கேட்ட வீட்டுக்காரர் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

"கை கொடுத்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. கேட்டுக்கிட்டதா அர்த்தம். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க" என்றார்.

"கொடுக்காவிட்டால்?"

"உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"உங்கள் முட்டியை வைத்துக்கொண்டா?"

அதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் அங்கே போய் என்ன செய்தார் தெரியுமா? நேட்டால் வூட்டு வாசலில் புளியைக் காயப்போட்டிருந்தார்கள். ஊரே வந்து உட்கார்ந்தது. இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார், நெஞ்சை நிமிர்த்தி நின்றபடியே ஆரம்பித்துவிட்டார். வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்த கால்கள்! உங்களுக்குத் தெரியும், அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதே கிடையாது. ஒரு வரிகூட முடியவில்லை. வெங்கடேசன் புளி உலுக்கும் கோலோடு எழுந்தார். அவரோடு இன்னும் சில பேர் எழுந்தார்கள். "நின்னுக்கினா பேசற? எங்க வூட்டு வாசல்லயே வந்து நிக்கறியா?" என்று அவர் கத்தியதில் நான் சாரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "தப்பு, தப்பு, என் தப்பு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். முட்டி சொடுக்கியது எனக்கே கேட்டது.

தரையில் உட்கார்ந்து வாசித்தார். குரல் வகுப்பில் கேட்ட குரல் அல்ல, சின்னதாக இருந்தது.

"வேடியப்பனின் கையில் சாட்டை இருந்தது. அதைக் கொடுத்தவன் தோட்டத்துத் துரை. அது விழுந்த முதுகு, தன் அப்பனுடைய நிலம் என்று நம்பி மாடு மேய்க்க வந்தவனின் முதுகு. அவனைக் கட்டிய மரம், வேடியப்பன் தன் ஊர் நினைவாக நட்ட புளியமரம்."

"பொய்!" என்றார் வெங்கடேசன். "எங்க பூட்டன் பசிக்குப் போனவரு. அவரப் போயி..."

"பசிக்குப் போனார்னும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கம் அதுதான். வாசிக்கவா?"

பக்கத்தைப் புரட்டி அவர் வாசித்தார். கப்பலில் ஏறியபோது வேடியப்பனுக்கு இருந்த பசி, சாட்டையை வாங்க மறுத்தவர்களுக்கு விழுந்த அடி, வாங்கியவர்களுக்குக் கிடைத்த கூடுதல் அரிசி என்று எல்லாம் அதில் இருந்தது. முடித்துவிட்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

சின்னசாமி எழுந்தார். கை கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊர் கலைந்தது. வெங்கடேசன் மட்டும் கோலை ஊன்றிக்கொண்டு எதிரில் நின்றார். வெயில் இறங்கியது. கடைசிப் பேருந்து வளைவில் ஒலி எழுப்பிவிட்டுப் போனது. சாரின் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் அவர் அக்குளில் கை கொடுத்தேன்.

"தொடாதீங்க அச்சகத்தம்மா. நீங்க தூக்கினா நான் வாசிச்சதா ஆகாது."

"செத்துப்போவீர்கள்" என்றேன். நிஜமாகவே அந்தப் பயம் இருந்தது. அவர் மேற்கே திரும்பி, உட்கார்ந்த இடத்திலேயே மாலைத் தொழுகையைத் தொழுதார். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். வெங்கடேசன் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

கதவு திறந்தது. சின்னசாமி வந்து எதிரில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"சார், அந்த சிபோன்றவரு எங்களப் பத்தி இன்னா சொன்னாரு?"

"மரம் நல்லா காய்க்குதுன்னு சொன்னாரு. வெட்டிடலாம்னு பல பேர் சொல்லியிருக்காங்க. வெட்டல. ஏன்னு கேட்டேன். மரமா அடிச்சதுன்னு திருப்பிக் கேட்டாரு."

 கமால் சாரே தொடர்ந்தார். "பேரை மாத்திடறேன். ஊர் பேரும் வேணாம். யாருக்கும் தெரியாது."

"பேர மாத்தினா மரத்த வேற எவனோ நட்டதா ஆய்டும் சார்" என்றார் சின்னசாமி. "நட்டதும் அவரு, அடிச்சதும் அவருன்னா, ரெண்டும் அவரு பேர்லயே இருக்கட்டும்." பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "கேட்டுக்கினோம். அவ்ளோதான்."

சாரால் அந்தக் கையைப் பிடித்தும் எழ முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. கடைசியில் மறுபக்கம் வந்து தூக்கியது வெங்கடேசன்தான். தூக்கிக்கொண்டே திட்டினார்.

அண்ணனிடம் வாசித்தபோது இந்த வழக்கம் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று சார் பிறகு வருத்தப்பட்டார். அங்கே இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களாம். சின்னசாமி சொன்னதைச் சேர்த்து அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். அதைச் சிபோவின் வீட்டிலும் வாசித்துவிட்டுத்தான் அச்சு என்றார். அடுத்த மாதம் கிளம்புவதாக இருந்தார்.

வாணியம்பாடியில் அவரை அடக்கம் செய்த அன்று நான் அவருடைய அண்ணன் வீட்டு வாசலில் காத்திருந்தேன். பேசாதிருந்த அண்ணன் ஜனாஸாப் பெட்டிக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் எழுதினது பொய்யில்லம்மா. பொய்யா இருந்தா எனக்கு எதுக்குக் கோபம் வருது?" என்றார். தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டியதை என்னிடம் சொல்கிறாரே என்று நினைத்தேன். நான் அழுதது அப்போதுதான்.

சின்னசாமியும் வெங்கடேசனும் இடுகாட்டிலிருந்து திரும்பி வந்தார்கள். வெங்கடேசன் என்னைத் தெரு ஓரமாக அழைத்துப் போனார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. சார்தான் போய்ட்டாரே. அந்தப் பக்கத்த எடுத்துட்டா யாருக்குத் தெரியப் போவுது? என் பொண்ணு வேலூர்ல காலேஜ் படிக்குது. நாளைக்கி அதப் பாத்து எவனாவது கேப்பான்." அவர் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அந்தக் கோலைவிட இதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் சொன்னது உண்மை. எடுத்தால் யாருக்கும் தெரியாது.

பின்னால் வந்து நின்ற சின்னசாமி என்னைப் பார்த்துக் கேட்டார். "சிபோ வூட்ல வாசிச்சிட்டாரா சார்?"

"இல்லை. அதற்குள்..."

"அப்போ சார் இன்னும் எழுந்திருக்கல" என்றார்.

வெங்கடேசன் தலையைக் குனிந்துகொண்டார். சின்னசாமி தொடர்ந்தார். "அவருக்கு பதிலா நான் உக்கார்றேன். போன்லயே மூஞ்சி காட்டிப் பேசலாம் இல்ல? நீங்க வாசிங்க, நான் உக்காந்துக்கறேன். அடிச்சவரு எங்க வூட்டு ஆளு. உக்கார வேண்டியது நான்தான்."

"போனில் அவர்கள் எப்படிக் கை கொடுப்பார்கள்?" என்று கேட்டேன்.

"அது அவங்க பாடும்மா. உக்கார்றது நம்ம பாடு."

சாரின் குறிப்பேட்டில் எண் பார்த்து, சிபோவின் மகளிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அந்த மரத்தடியில் கூடுகிறார்கள். இங்கே நேட்டால் வூட்டு வாசலில் நாங்கள். தானும் பக்கத்தில் உட்காருவதாக வெங்கடேசன் நேற்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவர்கள் கேட்டுக்கொள்வார்களா, எழுந்து போய்விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. அதுவரை இயந்திரம் ஓடாது.

கமால் சாரிடம் படித்தவர்களுக்கு அவர் குரலும் கேள்விகளும் மிச்சம் இருக்கும். எனக்கு மிச்சமாக அவர் விட்டுப்போனது ஒரு சட்டம். யாரைப் பற்றி அச்சடிக்கிறேனோ அவர் வாசலுக்குப் போவேன். நின்று பேச மாட்டேன். எனக்கும் முட்டி வலி ஆரம்பித்துவிட்டது சார். பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை நானும் தரையில்தான் உட்காருவேன்.